மாலத்தீவு, 7 இரவுகள்: நான்கு தீவுகளுக்குப் போவது சரியா? (அம்மாவும் வருகிறார்)

கரைநண்டு:

அனைவருக்கும் வணக்கம். பல மாதங்களாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை.

பிப்ரவரி கடைசி வாரம் நானும் கணவரும் என் அம்மாவும் மாலத்தீவு போகலாம் என்று இருக்கிறோம். மொத்தம் 7 இரவுகள். அம்மாவுக்கு 63 வயது. நீச்சல் தெரியாது, ஆனால் கடல் என்றால் உயிர். கரையில் கால் நனைப்பதைத் தாண்டி இதுவரை உள்ளே இறங்கியதில்லை. இந்தப் பயணத்தில் அவர் ஒரு முறையாவது தண்ணீருக்கு அடியில் மீன்களைப் பார்க்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை.

போட்டிருக்கும் திட்டம் இது: வியாழன் மாலை 7 மணிக்கு விமானம் இறங்குகிறது. மாஃபுஷியில் 2 இரவு, திமிங்கலச் சுறா பார்க்க திகுராவில் 2 இரவு, ஹனிஃபரு விரிகுடாவில் கொம்புத் திருக்கை (மான்டா ரே) பார்க்க தரவந்தூவில் 1 இரவு, கடைசியாக பா அட்டோலில் (அட்டோல் என்றால் வளையம் போன்ற பவளத்தீவுக் கூட்டம்) ஒரு ரிசார்ட்டில் 2 இரவு. இவ்வளவு செலவு செய்து போகிறோம், முடிந்தவரை நிறைய தீவுகளைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது. டிக்கெட் இன்னும் போடவில்லை. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

உப்புக்காற்று:

வாங்க கரைநண்டு. டிக்கெட் போடவில்லை என்ற வரியைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது, ஏனென்றால் மாற்ற வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் ஹனிஃபரு. அங்கே கொம்புத் திருக்கைகள் கூட்டமாக வருவது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஏறத்தாழ மே முதல் நவம்பர் வரை. அப்போது நீரோட்டம் மிதவை உயிரிகளைத் தள்ளிக்கொண்டு வந்து புனல் போன்ற அந்த விரிகுடாவுக்குள் அடைக்கிறது. திருக்கைகள் வாயைத் திறந்தபடி அதற்குள் வட்டமடித்துத் தின்னும். பிப்ரவரியில் அந்த நீரோட்டம் இல்லை, அதனால் அந்தக் கூட்டமும் இல்லை. நான் ஆகஸ்டில் போயிருக்கிறேன். அங்கே காற்று உருளையோடு முக்குளிக்கும் ஸ்கூபாவுக்கு அனுமதி கிடையாது, மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் போட்டு மேலே மிதந்து பார்க்கும் ஸ்நார்கெல் மட்டும்தான். அனுமதி பெற்ற வழிகாட்டியோடுதான் இறங்க முடியும், தண்ணீரில் 45 நிமிடம்தான் இருக்கலாம். அந்த 45 நிமிடத்தை என் வாழ்நாள் முழுக்க நினைத்திருப்பேன். ஆனால் பிப்ரவரியில் அதற்காகத் தரவந்தூ போவதில் அர்த்தமே இல்லை.

திமிங்கலச் சுறா வேறு கதை. திகுரா இருக்கும் தெற்கு ஆரி அட்டோலில் ஆண்டு முழுவதும் இருக்கும். பெரும்பாலும் வளர்ந்துகொண்டிருக்கும் ஆண் சுறாக்கள். அதனால் உங்கள் பட்டியலில் திகுராவை வைத்துக்கொள்ளுங்கள், தரவந்தூவை அடித்துவிடுங்கள்.

தோணிக்காரன்:

நான் மாலத்தீவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவன். தங்கச்சி, உங்கள் திட்டத்தை வரைபடத்தில் கோடு போட்டுப் பாருங்கள். மாஃபுஷி விமான நிலையத்துக்குத் தெற்கே, ஸ்பீட் போட்டில் முக்கால் மணிக்குள் போய்விடலாம். திகுரா தென்மேற்கே, ஏறத்தாழ 2 மணி நேரம். தரவந்தூ இருக்கும் பா அட்டோலோ வடமேற்கில் இருக்கிறது. திகுராவிலிருந்து தரவந்தூவுக்கு நேராகப் படகு இருக்கும் என்று நினைத்திருக்கிறீர்கள் போல. அட்டோலுக்கு அட்டோல் தாண்டுவதென்றால் பெரும்பாலும் தலைநகர் மாலே வரை திரும்பி வந்து, வேறு படகோ விமானமோ பிடித்துத்தான் போக வேண்டும். கடல் விமானத்துக்கும் இதே கதைதான், மையம் மாலேதான்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பெட்டி கட்டுவது, அறையைக் காலி செய்வது, படகுக்குக் காத்திருப்பது, போய் இறங்கி அடுத்த அறை தயாராகும் வரை உட்கார்ந்திருப்பது என்று குறைந்தது அரை நாள் போய்விடும். நீங்கள் நான்கு இடம் மாறினால் மொத்தத்தில் இரண்டு முழு நாட்கள் படகுத்துறையில் கழியும். மாலத்தீவில் தீவுகளை எண்ணித் திட்டம் போடக் கூடாது. முதலில் ஒரு அட்டோலைத் தேர்ந்தெடுங்கள். அதற்குள்ளேயே ஊர்த்தீவு (மக்கள் வசிக்கும் தீவு), ரிசார்ட், மணல்திட்டு, ஆளில்லாத தீவு எல்லாம் உண்டு. 1,190-க்கும் மேல் தீவுகள் உள்ள நாடு, மக்கள் வசிப்பவை 200-க்குள்தான். ஒரு அட்டோலுக்குள் பகல் பயணமாகப் போய்வந்தாலே பல தீவுகளில் கால் வைத்துவிடலாம், பெட்டியைத் தொட வேண்டாம்.

இன்னொன்று. இந்த முறை ரமலான் பிப்ரவரியிலேயே வருகிறது. ஊர்த்தீவுகளில் பகலில் உணவகங்கள் மூடியிருக்கும், கெஸ்ட் ஹவுஸில் மட்டும் விருந்தினருக்குச் சமைப்பார்கள். அந்த மாதத்தின் இரவுகள் அழகானவை, மறுக்கவில்லை. ஆனால் முதல் முறை, வயதான அம்மா, குறைந்த நாட்கள் என்றால் ஜனவரிக்கு மாற்றிவிடுங்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று, அங்கே அதை இருவாய் என்பார்கள். கடல் அமைதியாக இருக்கும்.

கரைநண்டு:

உப்புக்காற்று அக்கா, தோணிக்காரன் அண்ணா, மிக்க நன்றி. திருக்கைக் காலம் பற்றி நான் பார்த்த எந்தக் காணொளியிலும் சொல்லவில்லை. அலுவலகத்தில் கேட்டுவிட்டேன், ஜனவரி நடுவில் விடுப்பு கிடைக்கும். ஆரி அட்டோல் மட்டும் என்று முடிவு செய்கிறேன்.

ஆனால் ரிசார்ட் வேண்டுமா என்று வீட்டில் ஒரு பேச்சு ஓடுகிறது. கணவர் 7 நாளும் ஊர்த்தீவிலேயே இருக்கலாம் என்கிறார். எனக்கு அம்மாவைத் தண்ணீர் மேல் கட்டிய வில்லாவில் இரண்டு நாளாவது வைத்திருக்க வேண்டும்.

நீர்க்காகம்:

உங்கள் கணவர் சொல்வதே என் கட்சியும். ஊர்த்தீவில்தான் நாடு தெரியும். மாலை நேரம் தெருவில் வலை நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த நாற்காலிக்கு ஜோலி என்று பெயர், மரச் சட்டத்தில் கயிற்றைப் பின்னித் தொங்கவிட்டிருப்பார்கள். காலையில் மாஸ் ஹுனி கிடைக்கும்: சூரை மீன், துருவிய தேங்காய், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை எல்லாம் கையால் பிசைந்து, சூடான ரோஷி ரொட்டியோடு. நம் வாய்க்கு அப்படி ஒத்துப்போகும். 'மாஸ்' என்றால் அங்கே மீன். ரிசார்ட்டுக்குள் போனால் இதெல்லாம் பஃபேயின் ஒரு மூலைக்குப் போய்விடும்.

அது மட்டுமல்ல, 1972-இல் முதல் ரிசார்ட் திறந்ததிலிருந்து ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்றே அங்கே வளர்ந்தது. மக்கள் வசிக்கும் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ் பரவலாக வந்தது 2009-க்குப் பிறகுதான். அதற்கு முன் நம்மைப் போன்றவர்களுக்கு அந்த நாடு எட்டாக் கனி. நம் பணம் ஊர்க்காரர் கைக்கே நேரடியாகப் போவதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

மூன்றாம்பிறை:

நீர்க்காகம் சொல்வது உண்மைதான், ஆனால் அம்மாவையும் யோசிக்க வேண்டும். ஊர்த்தீவில் நாம் நினைத்த இடத்தில் நீச்சல் உடையில் இறங்க முடியாது. அதற்கென்று ஒதுக்கிய கடற்கரை உண்டு, மற்ற இடங்களில் தோளும் தொடையும் மறையும்படி உடுத்த வேண்டும். அது அவர்கள் ஊர், அதுதான் மரியாதை. நம் அம்மாக்களுக்கு அது பிரச்சினையே இல்லை, சொல்லப்போனால் அவர்களுக்கு அங்கேதான் கூச்சம் இருக்காது. நான் சொல்ல வந்தது படிக்கட்டு, நிழல், மருத்துவர், சக்கர வண்டி போன்ற வசதிகள். என் மாமியாருக்கு முழங்கால் வலி. ரிசார்ட்டில் பக்கி வண்டி வாசலுக்கே வந்தது, வில்லாவின் படியில் கைப்பிடி இருந்தது. அவர் அந்தப் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டபடி இரண்டு மணி நேரம் இருந்தார். கறுப்பு முனைச் சுறாக்குட்டிகள் கணுக்கால் ஆழத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. அவை பொதுவாக ஒன்றும் செய்யாது.

இரண்டும் வேண்டும் என்பதே என் கருத்து. ஊர்த்தீவு முதலில், ரிசார்ட் கடைசியில். மாற்றிப் போட்டால் ஊர்த்தீவின் எளிமை கண்ணில் படாது.

உப்புக்காற்று:

மூன்றாம்பிறையின் வரிசைக்கு என் ஓட்டும். ஆனால் ரிசார்ட்டைப் படம் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நிறைய பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து தீவைப் பெரிதாக்குங்கள். தீவைச் சுற்றி வெளிர்நீலமாக, சில இடங்களில் பால் கலந்தது போல இருப்பது மணல் பரந்த ஆழமில்லாத லகூன். பிறகு பழுப்புத் திட்டுகளோடு ஒரு விளிம்பு வரும், அதைத் தாண்டியதும் சட்டென்று கருநீலம். அந்த விளிம்புதான் பவளத்திட்டு. ஹவுஸ் ரீஃப் என்பது அதைத்தான். கரைக்கும் அந்த விளிம்புக்கும் 30 மீட்டர் என்றால் கரையிலிருந்தே நீந்திப் போய்ப் பார்க்கலாம். 500 மீட்டர் என்றால் மீன் பார்க்க ஒவ்வொரு முறையும் படகுதான். படங்களில் மிக அழகாக வரும் தீவுகள் பல இரண்டாவது வகை. பளிங்கு போன்ற தண்ணீர், கீழே வெறும் மணல். பெயரும் சில நேரம் காட்டிக்கொடுக்கும்: 'ஃபினொல்ஹு' என்றால் மணல்திட்டு, 'ஃபரு' என்றால் பவளத்திட்டு.

உங்கள் விஷயத்தில் அம்மாவுக்கு மணல் தரையுள்ள, இடுப்பளவு அமைதியான தண்ணீர் வேண்டும். உங்களுக்குப் பவளத்திட்டு வேண்டும். ஒரு பக்கம் லகூன், மறுபக்கம் விளிம்பு நெருங்கி வரும் தீவாகப் பாருங்கள். ஆரி அட்டோலில் அப்படி நிறைய உண்டு.

நீரோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அட்டோலின் வளையத்தில் இடையிடையே வாய்க்கால் போன்ற திறப்புகள் இருக்கும், அங்கே 'கண்டு' என்பார்கள். கடல்நீர் ஏறும்போதும் இறங்கும்போதும் அத்தனை தண்ணீரும் அந்த வாயில்கள் வழியாகத்தான் போய்வர வேண்டும். நல்ல நீச்சல்காரரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். நான் ஒரு முறை விளிம்பில் ஆமை ஒன்றைப் பார்த்தபடியே மிதந்தேன். தலையைத் தூக்கினால் படகுத்துறை விரல் நகம் அளவுக்குச் சிறுத்திருந்தது. எதிர்த்து நீந்தாமல் கரையை ஒட்டிச் சாய்வாக நீந்தி மறுமுனையில் ஏறினேன். வெறுங்காலுடன் பாதி தீவைச் சுற்றி நடந்து வந்தேன். அன்றிலிருந்து இறங்கும் முன் ஊழியரிடம் "இப்போது ஓட்டம் எந்தப் பக்கம்?" என்று கேட்காமல் தண்ணீரில் கால் வைப்பதில்லை.

வெயில்முற்றம்:

செலவு பற்றி யாரும் பேசவில்லையே. ரிசார்ட் விலைக்குப் பக்கத்தில் 'பிளஸ் பிளஸ்' என்று போட்டிருந்தால் அதைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். முதலில் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் சுற்றுலா வரி 17 சதவீதம். (2025 ஜூலை வரை 16 ஆக இருந்தது.) 100 டாலர் முதலில் 110 ஆகும், பிறகு 128 டாலர் 70 சென்ட். சாப்பாடு, படகு, பயணம் எல்லாவற்றிலும் இது ஏறும்.

அதோடு பசுமை வரி தனி. 2025 முதல் ரிசார்ட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர், ஊர்த்தீவுகளில் 50 அறைகளுக்குக் குறைவான கெஸ்ட் ஹவுஸில் 6 டாலர். மூன்று பேர், ரிசார்ட்டில் 2 இரவு என்றால் அதற்கே 72 டாலர்.

பிறகு போக்குவரத்துக் கட்டணம். அறை விலையில் அது சேர்ந்திருக்காது. கடல் விமானம் என்றால் மூவருக்கும் சேர்த்து அது ஒரு பெரிய தொகை, சில இடங்களில் ஒரு இரவு அறை விலையையே தொடும். ரிசார்ட்டை ஒப்பிடும்போது அறை, சாப்பாடு, வரி, போக்குவரத்து நான்கையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைகளை ஒப்பிடுங்கள். நான் அப்படிச் செய்தபோது என் பட்டியலில் 'மலிவு' என்று இருந்தது மூன்றாவது இடத்துக்குப் போய்விட்டது.

கரைநண்டு:

வெயில்முற்றம், இந்தக் கணக்கு எனக்கு மிகவும் தேவைப்பட்டது. உட்கார்ந்து மறுபடி போட்டேன். ஒரு சந்தேகம்: மாலை 7 மணிக்கு இறங்கி அன்றைக்கே திகுரா போக முடியுமா?

தோணிக்காரன்:

கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும், தண்ணீரில் இறங்க விமானி கண்ணால் பார்த்தாக வேண்டும். பிற்பகலுக்குப் பிறகு தரையிறங்கும் எவரும் அதைத் தவறவிடுவார்கள். அந்த இருட்டில் 2 மணி நேர ஸ்பீட் போட்டும் அம்மாவுக்கு வேண்டாம். முதல் இரவு ஹுல்ஹுமாலேயில் தங்குங்கள். விமான நிலையத் தீவோடு சாலையால் இணைந்த இடம், டாக்சியில் போய்விடலாம். மறுநாள் நன்றாகத் தூங்கி எழுந்து படகு பிடியுங்கள்.

வியாழன் இரவு இறங்காதீர்கள். வெள்ளிக்கிழமை அங்கே வாராந்திர விடுமுறை. அரசுப் படகுச் சேவை பெரும்பாலும் ஓடாது, தனியார் ஸ்பீட் போட்களின் நேரமும் மாறும், நண்பகல் தொழுகைக்காகக் கடைகள் மூடும். நான் புதிதாகப் போன மாதம் இது தெரியாமல் ஒரு வெள்ளிக்கிழமை காலை பெட்டியோடு படகுத்துறைக்குப் போனேன். ஒரு படகு இல்லை, ஒரு ஆள் இல்லை, ஒரு பூனை மட்டும் படுத்திருந்தது. மறுநாள் காலை வரை அங்கேயே சுற்றினேன். சனிக்கிழமை இரவு இறங்குகிற மாதிரி டிக்கெட் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை எல்லாம் ஓடும்.

ஸ்பீட் போட்டில் அம்மாவைப் பின்வரிசையில் உட்கார வையுங்கள். முன்பக்கம்தான் அலையில் எழும்பிக் குதிக்கும், முதுகுத்தண்டுக்கு ஆகாது. குமட்டல் வருமென்றால் மாத்திரையைப் படகு கிளம்பிய பிறகு கொடுத்துப் பயனில்லை, அரை மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும்.

கொண்டு போகக் கூடாதவை: மது, பன்றி இறைச்சி, மின் சிகரெட். மது ரிசார்ட்டிலும், தங்கிப் பயணிக்கும் சஃபாரிப் படகிலும்தான், ஊர்த்தீவில் கிடையாது. திரும்பும்போது சிப்பி, பவளத் துண்டு, மணல் எதையும் பையில் வைக்காதீர்கள், அதுவும் தடை. கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் பயணி விவரப் படிவம் நிரப்ப வேண்டும், கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் எதிலும் நிரப்பாதீர்கள். சுற்றுலா விசா போய் இறங்கியதும் இலவசமாகத் தருவார்கள்.

நீர்க்காகம்:

அண்ணன் சஃபாரிப் படகு என்றதும் நினைவுக்கு வருகிறது. நிறைய தீவு பார்க்க வேண்டும் என்ற ஆசைக்குச் சரியான விடை அதுதான், அறையே உங்களோடு நகரும். ஆனால் ஏணியில் ஏறி இறங்க வேண்டும், இரவில் படகு ஆடும். அம்மா இல்லாத இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கூபா செய்கிறவர்கள் கவனிக்க: கடல் விமானமும் விமானம்தான். கடைசி முக்குளிப்புக்கும் அதில் ஏறுவதற்கும் நடுவே ஒரு முழு நாள் இடைவெளி விடுங்கள். தாழ்வாகத்தானே பறக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்.

அம்மாவைத் தண்ணீரில் இறக்குவது பற்றி: திமிங்கலச் சுறா பயணத்தில் வேண்டாம். அது தீவுக்கூட்டத்தின் வெளி விளிம்பு, கீழே ஆழம் தெரியாது. சுறா தென்பட்டதும் படகிலிருந்து எல்லோரும் சட்டென்று குதிப்பார்கள். புதியவருக்கு அந்தப் பதற்றம் ஒரேயடியாகப் பயத்தை ஏற்படுத்திவிடும். லகூனில், நின்றால் கால் தரைபடும் இடத்தில், மாஸ்க்கை மட்டும் போட்டுப் பழக்குங்கள். குழாய் இரண்டாம் நாள் போதும்.

கரைநண்டு:

சனிக்கிழமை டிக்கெட் போட்டாயிற்று! ஹுல்ஹுமாலே 1, திகுரா 4, அதே அட்டோலில் ரிசார்ட் 2. வரைபடத்தில் மூன்று மணி நேரம் தீவு தீவாகப் பார்த்தோம். அம்மாவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து "இதில் கருநீலம் கிட்டக்க இருக்கு பார்" என்று காட்டினார். அவர் காட்டியதையே எடுத்திருக்கிறோம்.

உப்புக்காற்று:

அம்மா கண்ணாடி போடுகிறவரா? அப்படியென்றால் அவருக்குச் சாதாரண மாஸ்க் கொடுக்காதீர்கள். பவர் கண்ணாடி பொருத்திய மாஸ்க் கிடைக்கிறது, கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். முகத்தில் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு வழி: பட்டையைப் போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சை உள்ளே இழுங்கள், கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டால் அதுதான் அவருடைய அளவு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பவளம் படங்களில் போல எங்கும் வண்ணமாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். கடல்நீர் சூடேறினால் பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். சூடு நீடித்தால் செத்துவிடும். 1998-இல் மாலத்தீவின் ஆழமில்லாத பகுதிகளில் பெரும்பகுதி அப்படிப் போயிற்று. மெல்ல மீண்டு வந்தபோது 2016-இல் மறுபடி, 2024-இல் மறுபடி. நான் முதலில் போன இடத்துக்கே எட்டு ஆண்டுகள் கழித்துப் போனபோது தண்ணீருக்கடியில் அழுதிருக்கிறேன். ஆனாலும் மீன்கள் இருக்கின்றன, ஆமைகள் இருக்கின்றன, உடைந்த கிளைகளின் மேல் கட்டைவிரல் அளவில் புதுப் பவளம் முளைத்திருக்கிறது. தயவுசெய்து அதன் மேல் நிற்காதீர்கள். சன் ஸ்கிரீனைக் குறைத்துக்கொண்டு முழுக்கை நீச்சல் சட்டை போடுங்கள், முதுகு வெந்துபோகாமல் இருக்கவும் அதுதான் வழி.

கரைநண்டு:

போய் வந்துவிட்டோம். வந்து நான்கு நாள் ஆகிறது. எப்படி இருந்தது என்று எழுதுகிறேன்.

ஞாயிறு மதியம் ஸ்பீட் போட். பின்வரிசையில் உட்கார்ந்தோம், அண்ணா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. முன்னால் இருந்த ஒரு இளம் ஜோடி பாதி வழியில் எழுந்து எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள். படகுத்துறையில் கெஸ்ட் ஹவுஸ்காரர் பெட்டிக்குத் தள்ளுவண்டியோடு நின்றார். அவர் பேச்சில் 'தோணி' என்று வந்ததும் அம்மா நிமிர்ந்து பார்த்தார். அங்கே படகுக்குப் பெயரே தோணிதான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான்கு நாளும் அவரோடு அம்மா பேசினார், ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலேயே.

திகுரா நீளமான மெல்லிய தீவு, தென்முனையில் மணல் வால் போல நீண்டு கடலுக்குள் கரைகிறது. தினமும் விடிகாலையில் மரநிழல் வழியாக அந்த முனை வரை நடந்தோம். அம்மா இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்தார்.

திமிங்கலச் சுறா முதல் நாள் தென்படவில்லை. நான்கு மணி நேரம் தேடிவிட்டுத் திரும்பினோம். மனசு சோர்ந்துதான் போனது. 4 இரவு வைத்திருந்ததால் செவ்வாய்க்கிழமை மறுபடி போனோம். படகின் மேல்தட்டில் நின்றவர் கையை நீட்டினார், குதித்தோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை, வெறும் நீலம். பிறகு அந்த நீலத்தில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக வந்தன, அதைச் சுற்றி உருவம் பிறகுதான் புரிந்தது. கண் மிகச் சிறியது. வயிற்றுக்கடியில் ஒரு கூட்டம் சிறு மீன்கள் கூடவே போய்க்கொண்டிருந்தன. வால் ஒரு முறை அசைந்தது, எங்களால் பின்தொடர முடியவில்லை. இரண்டு நிமிடம் இருக்கும். என் பழைய திட்டப்படி 2 இரவு மட்டும் வைத்திருந்தால் அந்த இரண்டு நிமிடம் கிடைத்திருக்காது. அதே நேரத்தில் ஆறேழு படகுகள் வந்து கூடின, சுறாவின் வழியில் ஆட்கள் குதித்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வழிகாட்டி எங்களைத் தள்ளியே நிறுத்தினார், அவருக்கு நன்றி.

வியாழக்கிழமை ரிசார்ட் தன் தோணியை அனுப்பி எங்களை அழைத்துக்கொண்டது, முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டிருந்தோம். இதில் ஒரு குழப்பம். அந்த ரிசார்ட் தன் கடிகாரத்தை மாலே நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருக்கிறது, விருந்தினருக்கு மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று. 11 மணிக்குத் தோணி என்றார்கள், எங்களுக்கு அது 10 மணி. நாங்கள் அப்போதுதான் பெட்டியை மூடிக்கொண்டிருந்தோம். அம்மாவை அவசரமாக நடக்க வைத்தது எனக்கு வருத்தமாகிவிட்டது. எந்த நேரம் என்று அவர்களும் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. போகிறவர்கள் "இது மாலே நேரமா, தீவு நேரமா?" என்று கட்டாயம் கேளுங்கள்.

இப்போது அம்மா. திகுராவில் மூன்று நாளும் கண்ணாடி மாஸ்க்கோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று முகத்தை மட்டும் நனைத்துப் பழகினார். மூன்றாம் நாள் குழாயோடு மூச்சு விட வந்துவிட்டது. ரிசார்ட்டில் நீச்சல் சொல்லித்தரும் பெண் ஒருவர் ஒரு மிதவை வளையம் கொண்டு வந்தார். அம்மா லைஃப் ஜாக்கெட் போட்டு, வளையத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் இடப்பக்கம், அந்தப் பெண் வலப்பக்கம். லகூன் முடிந்து பவளத் திட்டுகள் தொடங்கும் இடம் வரை மெல்ல இழுத்துப் போனோம். அம்மா முகத்தை உள்ளே விட்டார். எடுக்கவேயில்லை. நான் பயந்து முதுகைத் தட்டினேன். தலையைத் தூக்கி, குழாயைத் துப்பிவிட்டு, "சத்தம் போடாதே, அது கல்லைக் கடிக்கிற சத்தம் கேட்குது" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார்.

நானும் காதைத் தண்ணீருக்குள் விட்டுக் கேட்டேன். பச்சையும் ஊதாவுமாக ஒரு பெரிய மீன், கரக் கரக் என்று பவளக் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது கடல் விமானம். காலில் செருப்பில்லாமல் விமானி ஏறி உட்கார்ந்ததை அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும் நேரம் முந்தைய நாள் மாலைதான் சொன்னார்கள், பெட்டிக்கு 20 கிலோதான் வரம்பு. மேலிருந்து அட்டோலின் வளையத்தைப் பார்த்தபோது, நான் முதலில் போட்ட அந்த நான்கு தீவுத் திட்டம் எவ்வளவு தூரத்தைக் கடந்திருக்கும் என்று புரிந்தது.

தோணிக்காரன்:

அம்மா பார்த்தது கிளிமீன், தங்கச்சி. அலகு போன்ற பல்லால் பாசி படிந்த பவளக் கல்லைச் சுரண்டித் தின்னும். உள்ளே போன கல்லை அரைத்து மணலாகக் கழிக்கும். நீங்கள் நடந்த அந்த வெள்ளை மணலில் பெரும்பங்கு அதன் வேலைதான். அம்மாவிடம் சொல்லுங்கள்.

கரைநண்டு:

சொன்னேன் அண்ணா. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு செருப்பின் அடியில் ஒட்டியிருந்த மணலைத் தேடிப் போய்ப் பார்த்தார், ஏற்கெனவே கழுவிவிட்டிருந்தோம்.

வெயில்முற்றம்:

என் அப்பாவுக்கும் கண்ணாடி உண்டு, ஏப்ரலில் அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன். அம்மாவின் மாஸ்க்கில் பவர் அப்படியே அவருடைய கண்ணாடியின் எண்ணா, குறைத்து வாங்கினீர்களா?

கரைநண்டு:

அம்மாவுக்கு மைனஸ் 3.25. மாஸ்க்குக்கான கண்ணாடி அரை அரையாகத்தான் வருகிறது, அதனால் மைனஸ் 3 வாங்கினோம். தண்ணீருக்குள் எல்லாம் கொஞ்சம் பெரிதாகத் தெரியும் என்பதால் அதுவே போதுமாக இருந்தது. இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு எண் என்றால் கடையில் தனித்தனியாகப் பொருத்தித் தருகிறார்கள். அப்பாவுக்கு மீசை இருந்தால் சொல்லுங்கள், மாஸ்க் கசிவது பற்றி நீர்க்காகம் எனக்குத் தனியாக எழுதியதை இங்கே போடுகிறேன்.